ஷீட் போட்ட பந்தலில் பன்னீர் திராட்சை: கலர் ஏறவில்லை, கொத்தின் வால் சுருங்குகிறது. மண்ணில்தான் கோளாறா?

முப்பந்தல்காற்று
எல்லாருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கம் 20 சென்டில் பன்னீர் போட்டிருக்கிறேன். 11 வரிசை, 110 கொடி, நாலு வயசு ஆகிறது. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று அடிச்சாம்பல் பூஞ்சாண நோய்க்கு மருந்து அடித்தே ஓய்ந்துபோய், இரண்டு வருஷம் முன்பு பந்தலுக்கு மேலே 200 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் போட்டேன். நாலு பக்கமும் திறப்புதான், கூரை மட்டும். (முதல் ஷீட்டை ஆடிக்காற்று கிழித்துக்கொண்டு போனது தனிக்கதை.)

நோய் நன்றாகவே குறைந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஷீட் போட்ட பிறகு வந்த முதல் வெட்டு (அறுப்பு) அருமை. அதற்கப்புறம் ஒவ்வொரு வெட்டும் மோசமாகிக்கொண்டே வருகிறது. இப்போது ஒரே கொத்தில் பாதி கறுப்பு, பாதி செம்மண் கலர், நாலைந்து பச்சை. கொத்தின் வால் பக்கம் காய் காம்பிலேயே சுருங்கித் தொங்குகிறது. இனிப்பை அளக்கிற பிரிக்ஸ் மீட்டரில் 14 காட்டுகிறது. வாயில் போட்டால் புளிப்பும் இல்லை, இனிப்பும் இல்லை, சப்பென்று இருக்கிறது. அடி இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளாகிறது, மீன்முள் மாதிரி.

போடுவது: ஒவ்வொரு கவாத்துக்கும் (கிளையை வெட்டிவிடும்போது) கொடிக்கு 10 கிலோ காய்ந்த கோழி எரு, வாரம் ஒருமுறை சொட்டுநீரில் 19-19-19 கலப்பு உரம், கலர் பிடிக்கும் நேரத்தில் கொடிக்கு இரண்டு கை சிவப்புப் பொட்டாஷ் (பொட்டாசியம் உரம்). உரக்கடையில் இனிப்புக்கு இன்னும் பொட்டாஷ் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

குலசேகரம்_ரப்பர்
போடுங்கள் அண்ணாச்சி, யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டு முற்றத்தில் ஏழு கொடி நிற்கிறது, ஷீட் கிடையாது. இரண்டு வருஷம் வெறும் புளி. பொட்டாஷும் அடுப்புச் சாம்பலும் போட ஆரம்பித்த பிறகுதான் பிள்ளைகள் பறித்துத் தின்கிறார்கள்.

கம்பம்_பந்தல்
தம்பி, அவசரப்பட்டு போட்டுவிடாதீர்கள். குலசேகரம்காரர் சொல்வது அவர் மண்ணுக்குச் சரி. அங்கே செம்பாறாங்கல் மண், வருஷம் முழுக்க மழை, போட்ட பொட்டாஷ் நிற்காமல் கழுவிப் போய்விடும், அதனால் போடப் போடப் பலன் தெரியும். உங்களுக்கு மேலே கூரை இருக்கிறது. போட்டது எங்கே போகும்?

நீங்கள் சொல்கிற மீன்முள் இலை மெக்னீசியம் குறைவு. அது மண்ணில் மெக்னீசியமே இல்லாமலும் வரும், பொட்டாஷ் அளவு மீறினாலும் வரும். வேர் இரண்டையும் ஒரே வாசல் வழியாக எடுக்கிற மாதிரிதான், ஒன்று கூட்டமாக வந்து நின்றால் மற்றது வெளியே நிற்கும். வால் சுருங்குவதும் இதே குடும்பம்தான் என்று நினைக்கிறேன். சுருங்கின கொத்தை எடுத்து காம்பைப் பாருங்கள். காய் கெட்டதா, காம்பு கெட்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முப்பந்தல்காற்று
பார்த்தேன் அண்ணே. காயில் பூஞ்சாணம் எதுவும் இல்லை. ஆனால் கொத்தின் நடுக்காம்பில், கிளைக்காம்பு பிரிகிற இடத்தில், பென்சில் முனையால் குத்தின மாதிரி கறுப்புப் புள்ளி. சில கொத்தில் அந்தப் புள்ளி காம்பைச் சுற்றி வளையமாகிவிட்டது. வளையத்துக்குக் கீழே இருக்கிற காய் எல்லாம் சுருங்கல், மேலே இருப்பது நன்றாக இருக்கிறது.

கம்பம்_பந்தல்
அதேதான். காம்புக் கருகல். கிருமி இல்லை, அதற்கு மருந்து அடித்துக் காசைக் கரைக்காதீர்கள். பொட்டாஷ் கூடி, மெக்னீசியமும் கால்சியமும் குறைந்த தோட்டத்தில்தான் இதை அதிகம் பார்ப்போம்.

தோவாளைப்பூ
ஒரு கேள்வி தம்பி. சொட்டுவான் சொட்டுகிற இடத்தைச் சுற்றி மண்மேல் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? நான் இரண்டு வருஷம் பசுமைக்குடிலில் வெள்ளரி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவள். எனக்கும் முதல் போகம் சூப்பர், இரண்டாவது சுமார், மூன்றாவதில் செடி வளரவே இல்லை. சுரண்டிப் பார்த்தால் உப்பு.

முப்பந்தல்காற்று
அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். சொட்டுவானுக்கு நேர் கீழே ஈரம், கறுப்பு மண். அதைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டமாக வெள்ளைப் பொருக்கு, அப்பளம் மாதிரி பெயர்ந்து வருகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கிறது. இத்தனை நாள் அதைக் கோழி எருவில் வந்த சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உழவுப்படிப்பு
நான் விவசாயம் படித்துவிட்டு நாசிக் பக்கம் நாலு வருஷம் திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்தவன், சொந்த ஊர் பூதப்பாண்டி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காய்ந்த கோழி எருவில் 100 கிலோவுக்கு சுமார் 2 முதல் 3 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கும். 10 கிலோ என்றால் 200 முதல் 300 கிராம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் காய்ப்புக்கு வந்த பன்னீர் கொடிக்கு ஒரு வருஷத்துக்கே சொல்வது 200 கிராம் தழை, 160 கிராம் மணி (பாஸ்பரஸ்), 600 கிராம் சாம்பல் சத்து (பொட்டாசியம்), அவ்வளவுதான். அதாவது ஒரு வருஷத் தழைச்சத்தை ஒரு கவாத்துக்கு எருவிலேயே கொடுத்துவிடுகிறீர்கள், வருஷத்துக்கு இரண்டு கவாத்து என்றால் இரட்டிப்பு, அதற்கு மேல் வாரா வாரம் 19-19-19 வேறு. தழை கூடினால் கொடி இலையாகத் தள்ளும், பந்தல் அடைத்துக்கொள்ளும், கொத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, பழுப்பதும் தள்ளிப்போகும். கலர் ஏறாததற்கு முதல் காரணம் எனக்குத் தெரிந்து இதுதான். மணிச்சத்து குவிந்தால் துத்தநாகம் எடுப்பதும் கெடும்.

சப்பென்று இருப்பதற்கு வருவோம். சர்க்கரையை இலையிலிருந்து காய்க்குக் கொண்டுசேர்க்கப் பொட்டாசியம் வேண்டும், உண்மை. ஆனால் தேவைக்கு இருந்தால் போதும், இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு இனிக்காது. மிச்சப் பொட்டாசியம் காய்க்குள் போய் அங்கே இருக்கிற டார்டாரிக் அமிலத்தைப் பிடித்துக் கட்டிவிடும். புளிப்பு போய்விடும். பன்னீருக்கு ருசியே அந்தப் புளிப்பும் வாசமும் சேர்ந்துதானே, புளிப்பு இல்லாத 14 பிரிக்ஸ் சர்க்கரைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

சிவப்புப் பொட்டாஷில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குளோரைடு இருக்கிறது. திறந்த தோட்டத்தில் மழை கழுவிவிடும். ஷீட்டுக்குக் கீழே அது மண்ணிலேயே தங்கும், தோவாளை அக்கா சொன்ன வெள்ளை வளையத்தில் அதுவும் உண்டு. ஷீட் போட்ட இடத்தில் பொட்டாஷ் தேவைப்பட்டால் குளோரைடு இல்லாத 0-0-50 (சல்பேட் பொட்டாஷ்) தான், சிவப்பு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். சொட்டுவானுக்குக் கீழே ஒரு மாதிரி, வெள்ளை வளையத்தில் ஒரு மாதிரி, தனித்தனியாக. இரண்டையும் கலந்துவிட்டால் சராசரிதான் வரும், ஒன்றும் புரியாது.

குலசேகரம்_ரப்பர்
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், இவ்வளவு படிப்பதற்குப் பதில் பழுக்க வைக்கிற எத்ரல் மருந்தை அடித்தால் கலர் வந்துவிடாதா? எல்லாரும் அடிக்கத்தானே செய்கிறார்கள்?

கம்பம்_பந்தல்
தோல் கறுக்கும். உள்ளே அதே சப்புதான். வாங்கினவன் அடுத்த முறை வரமாட்டான்.

முப்பந்தல்காற்று
ரிப்போர்ட் வந்துவிட்டது. தண்ணீர் (போர்) ஈ.சி., அதாவது உப்பு அளவு, 1.1. மண் பி.எச். 7.9. ஈ.சி. சொட்டுவானுக்குக் கீழே 0.7, வளையத்தில் 2.3, எட்டிலிருந்து பன்னிரண்டு அங்குல ஆழத்தில் 1.4. தழை நடுத்தரம், மணி எக்டருக்கு 96 கிலோ, சாம்பல் 780 கிலோ, இரண்டுக்கும் பக்கத்தில் அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். மண் அட்டை கொடுத்தவர் 1.4 பரவாயில்லை, திராட்சை 1.5 வரைக்கும் தாங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றார். நிம்மதியாக இருந்தது.

உழவுப்படிப்பு
நிம்மதி வேண்டாம் அண்ணாச்சி, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். புத்தகத்தில் இருக்கிற 1.5 என்பது மண்ணைத் தண்ணீரில் குழைத்து, அந்தக் குழம்பிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றில் அளந்தது. நம்ம ஊர் ஆய்வகங்களில் பொதுவாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு, இரண்டரை பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளப்பார்கள். நீர்த்துப்போன கரைசல், அதில் எண் குறைவாகத்தான் காட்டும். அதில் 1.4 என்றால் வேர் உண்மையில் பார்க்கிற உப்பு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கொடி தண்ணீர் இருந்தும் தாகத்தில் நிற்கிறது.

சாம்பல் சத்து 280 தாண்டினாலே அதிகம் என்பார்கள், உங்களுடையது 780. இன்னும் ஒரு வருஷத்துக்குப் பொட்டாஷ் மூட்டையைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். கால்சியத்துக்குச் சுண்ணாம்பும் போட்டுவிடாதீர்கள், பி.எச். ஏற்கெனவே 7.9, காரப் பக்கம். ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போடலாம். குலசேகரம்காரரே, உங்கள் மண் பி.எச். எப்படியும் 5 பக்கம்தான் இருக்கும், அமில மண், உங்களுக்கு இதற்கு நேர் எதிர், டோலமைட் சுண்ணாம்பு போட்டால் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும்.

சங்குத்துறை
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கால்சியம் காய்க்கு எப்போது கொடுப்பது? நான் அறுப்புக்குப் பத்து நாள் முன்பு இரண்டு தடவை அடித்தேன், காய் அப்போதும் கொழகொழவென்றுதான் இருந்தது, பெட்டியில் அடுக்கினால் அடிவரிசை நசுங்கிவிட்டது.

உழவுப்படிப்பு
பிந்திவிட்டது. கால்சியம் இலையிலிருந்து காய்க்கு இறங்காது, வேரிலிருந்து தண்ணீரோடு மேலே வருவதுதான். காய் பச்சையாகச் சிறிதாக இருக்கும்போது தானும் மூச்சு விட்டுத் தண்ணீரை இழுக்கும், அப்போது வந்து சேரும். கலர் பிடிக்க ஆரம்பித்தால் அந்தக் குழாய் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். ஷீட்டுக்கு அடியில் காற்றோட்டம் இல்லாமல் புழுக்கமாக இருந்தால் பச்சைக் காயும் தண்ணீரை இழுக்காது, அதனால் மண்ணில் இருந்தும் காய்க்குள் வராது. மூடின தோட்டத்தில் காய் மெத்தென்று போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காய் பிடித்த உடனே தொடங்கி, மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரைக்கும் கொத்து நனைகிற மாதிரி கொடுக்கவேண்டும்.

அப்புறம் கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட் உரங்களையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கலந்து, மூன்று ஏக்கர் சொட்டுவானும் மாவு கரைத்த மாதிரி அடைத்து, ஒரு வாரம் ஊசி வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன்.

தோவாளைப்பூ
உப்பை இறக்க மழைத் தண்ணீரை விட நல்ல மருந்து கிடையாது. ஐப்பசி மழைக்கு ஷீட்டைச் சுருட்டி வையுங்கள். உங்கள் போர் தண்ணீரால் கழுவினால் அதுவும் ஒரு உப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போகும்.

கம்பம்_பந்தல்
அக்கா சொல்வது சரி, ஆனால் அறுத்த உடனே கவாத்து அடித்தால் தளிர் வருகிற நேரத்தில் மழை பிடிக்கும், அடிச்சாம்பல் தூக்கிவிடும். ஆவணியில் அடிக்க வேண்டிய கவாத்தைக் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளவேண்டும். இருக்கிற இலையையும் மழையில் அழுகவிடக் கூடாது, அது அடுத்த வெட்டுக்குக் கொடியில் சத்தைச் சேர்த்து வைக்கிற இலை. ஒன்றிரண்டு மருந்து அடிக்கத்தான் வேண்டும்.

முப்பந்தல்காற்று
அப்படியானால் ஒரு வெட்டு போகுமே அண்ணே. ஷீட் கடன் இன்னும் அடையவில்லை.

கம்பம்_பந்தல்
இந்த வெட்டுப் பெட்டிக்கு என்ன விலை கிடைத்தது?

முப்பந்தல்காற்று
கேட்காதீர்கள்.

முப்பந்தல்காற்று
(கார்த்திகை) திரும்ப வந்துவிட்டேன். 6 வரிசைக்கு ஷீட்டைச் சுருட்டினேன். மீதி 5 வரிசையில் ஷீட் போட்ட ஆள் பைப்போடு கிளிப் அடித்து இறுக்கி வைத்திருக்கிறார், கழற்றினால் கிழிந்துவிடும் போல இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். எல்லா வரிசைக்கும் கொடிக்கு 2 கிலோ ஜிப்சம். கோழி எரு, சிவப்புப் பொட்டாஷ், 19-19-19 மூன்றும் நிறுத்தம். மூடியிருந்த 5 வரிசைக்கு மட்டும் போர் தண்ணீரை நிறையப் பாய்ச்சினேன்.

மழை முடிந்ததும் அதே ஆழத்தில் மண் எடுத்தேன். திறந்த வரிசை 0.6. மூடின வரிசை 1.1. வெள்ளை வளையம் திறந்த பக்கம் காணவே காணோம். நேற்றுதான் ஷீட்டைத் திரும்ப விரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கவாத்து அடித்தேன்.

உழவுப்படிப்பு
பைப் கிளிப் அடித்தவருக்கு நன்றி சொல்லுங்கள், நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்துவிட்டார். பூ விரியும்போது இலைக்காம்பு எடுத்து அனுப்புங்கள், இரண்டு பகுதிக்கும் தனித்தனியாக. பூங்கொத்துக்கு எதிரே இருக்கிற இலையின் காம்பு மட்டும், இலையைக் கிள்ளிப் போட்டுவிடவேண்டும், ஒரு நூறு காம்பாவது வேண்டும். மண் பரிசோதனை இருப்பு என்ன என்று சொல்லும், கொடி அதில் எவ்வளவு எடுத்தது என்பதைக் காம்புதான் சொல்லும்.

பூவுக்கு முன்பு ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை: லிட்டருக்கு போரிக் அமிலம் 1 கிராம், துத்தநாக சல்பேட் 2 கிராம், யூரியா 10 கிராம். பெரிய காய்க்கு நடுவே மிளகு மிளகாகக் காய் நிற்பது இதில் குறையும். போரானை மட்டும் கைக்கணக்கில் போடாதீர்கள், குறைவுக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி ரொம்பச் சின்னது.

முப்பந்தல்காற்று
(தை) காம்பு ரிப்போர்ட். திறந்த வரிசை: பொட்டாசியம் 2.7 சதவீதம், மெக்னீசியம் 0.33. மூடின வரிசை: பொட்டாசியம் 3.4, மெக்னீசியம் 0.24. சொன்ன மாதிரி காய் பிடித்ததும் கால்சியம் ஆரம்பிக்கிறேன். மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் இலைக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பம்_பந்தல்
கலர் பிடிக்கிற நேரத்தில் அதே மெக்னீசியத்தைக் கொத்துக்காம்பு நனைகிற மாதிரி இரண்டு தடவை அடியுங்கள். கொத்துக்குப் பக்கத்து இலையைக் கொஞ்சம் கிள்ளிவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தலுக்கு அடியில் நின்று தரையைப் பாருங்கள், அங்கங்கே காசு காசாக வெயில் விழவேண்டும். மொத்தமாக நிழல் என்றால் இலை அதிகம்.

முப்பந்தல்காற்று
(பங்குனி) அறுப்பு முடிந்தது. மழையில் திறந்து வைத்திருந்த 6 வரிசையில் பிரிக்ஸ் 17, புளிப்பு திரும்ப வந்துவிட்டது, வீட்டில் அம்மா ஒரு காயை வாயில் போட்டுவிட்டு பழைய பன்னீர் மாதிரி இருக்கிறது என்றாள், எனக்கு அதுவே போதும். வால் சுருங்கல் கொடிக்கு ஒன்றிரண்டு கொத்துதான். மூடின 5 வரிசையில் 15, சுருங்கல் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் கலர் மட்டும் இரண்டு பக்கமும் முழுசாக வரவில்லை, நடு வரிசைகள் ரொம்ப மோசம். வடசேரிச் சந்தையில் வாங்கினவர் ஓரத்து வரிசைப் பெட்டிகளை மளமளவென்று எடுத்துவிட்டு, நடு வரிசைப் பெட்டியில் கொத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார்.

உழவுப்படிப்பு
அது உரத்தால் தீராது அண்ணாச்சி. பங்குனியில் நம்ம பக்கம் ராத்திரியும் 25 டிகிரி இருக்கும், கறுப்புத் திராட்சைக்கு ராத்திரி குளிர்ந்தால்தான் நிறம் நன்றாக ஏறும். ஷீட் வேறு வெளிச்சத்தைக் குறைக்கிறது, நிறம் வருவதற்கு உதவுகிற புற ஊதாக் கதிரையும் தடுக்கிறது. ஜப்பானில் கூரைக்கு அடியில் வளர்க்கிற ஷைன் மஸ்கட் பச்சைத் திராட்சை, அதற்கு இந்தக் கவலையே இல்லை. ஷீட்டைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

முப்பந்தல்காற்று
கழுவுவதா? இப்போதுதான் ஏணி வைத்து ஏறி, நடு வரிசைக்கு மேலே உள்ளங்கையால் ஒரு இழு இழுத்தேன். கை செம்மண் குழம்பில் தோய்த்த மாதிரி ஆகிவிட்டது. இழுத்த இடத்தில் மட்டும் வெளிச்சம் பட்டையாகக் கீழே விழுகிறது.

தோவாளைப்பூ
முப்பந்தல் காற்றில் புழுதி வராமல் வேறு என்ன வரும்! மாப் கம்பில் பழைய போர்வை சுற்றி, இரண்டு பேர் இரண்டு பக்கம் கயிறு பிடித்து இழுங்கள். சோப்பு வேண்டாம். அந்தத் தண்ணீர் கொடி அடியில் விழட்டும்.

சங்குத்துறை
என் போர் தண்ணீர் ஈ.சி. 2.6 வருகிறது. நானும் ஷீட் போடலாம் என்று விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.

கம்பம்_பந்தல்
முதலில் ஷீட்டிலிருந்து வழிகிற மழைத் தண்ணீரைச் சேர்க்க ஒரு குட்டை வெட்டுங்கள் தம்பி, அப்புறம் ஷீட் வாங்குங்கள். குட்டைக்கு இடம் இல்லையென்றால் உங்கள் போர் தண்ணீருக்குத் தென்னை போதும்.